எதிர்பார்க்கும் விடை

ஜீவனஹள்ளி, பெங்களூர்.
7–2–1959, சனிக்கிழமை.

மதிப்பும் பிரியமும் மிகுந்த மச்சான் முனியப்பன் அவர்களுக்கு, தங்கை புருஷன் பச்சைமுத்து கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை காந்தாவும் மகள் செண்பகமும் உடம்பளவில் சௌக்கியம். தங்கவயலில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் எல்லா அளவிலும் சௌக்கியமாக இருக்க மாரியம்மன் துணை.

காரியம் என்னவென்றால், நீங்கள் உடனே ரயிலேறி வரவேண்டும். செண்பகத்தை வாத்தியார் டிரெயினிங் ஸ்கூலில் சேர்க்கச் சொன்னவர் நீங்கள். பொம்பளைப் பிள்ளைக்கு அதைவிட கௌரவமான வேலை ஏது என்று கேட்டவரும் நீங்கள்தான். அந்த வேலை இப்போது என்னால் கெட்டுப்போகிற நிலைமைக்கு வந்துவிட்டது. எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன், கோபிக்காமல் படிக்கவும்.

அங்கே கடைசி வருஷத்தில் ஒவ்வொரு பெண்ணும் நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டவேண்டும், பின்னால் உட்கார்ந்து மார்க்கு போடுவார்கள். முன்னெல்லாம் நீதிபோதனை பீரியடில் ஒரு கதையைச் சொல்லி, ஆகையால் பொய் சொல்லக் கூடாது என்று முடித்தால் போதுமாம். இந்த வருஷம் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து மிஸ் பிரிஜெட் என்று ஒரு அம்மா வந்திருக்கிறார். அவர், கதை வேண்டாம், தத்துவப் பாடம் நடத்துங்கள், பிள்ளைகளை யோசிக்கவையுங்கள் என்கிறார். அஞ்சாம் வகுப்புக்குத் தத்துவம்! எனக்குத் தெரிந்து ஜனங்கள் தத்துவம் பேசுவது சுடுகாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில்தான். அது கிடக்கட்டும். பாடக்குறிப்பு நோட்டில் மூன்று கட்டம் உண்டு: டீச்சர் கேட்கும் கேள்வி, பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் விடை, கரும்பலகையில் எழுதவேண்டியது. கணக்குப் பாடத்துக்கு அந்த நடுக் கட்டத்தை நம் பெண் அச்சடித்த மாதிரி நிரப்புவாள். நியாயம் என்றால் என்ன என்ற பாடத்துக்கும் அப்படியே நிரப்பிக் கொண்டுபோனாள். மிஸ் சிவப்புப் பென்சிலால் மேலிருந்து கீழே ஒரே கோடாகப் போட்டு, இவ்வளவும் முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளைகளை எதற்குக் கூப்பிடுகிறாய் என்று எழுதிவிட்டார். பெண் அழுதுகொண்டு வந்தாள். அழுது முடித்ததும், என்னென்ன பதில் வருமென்று மனுஷர்களிடம் கேட்டுத்தான் பார்க்கவேண்டும் என்று நோட்டோடு எங்கள் மேல் பாய்ந்தாள்.

முதலில் சிக்கின மனுஷன் நான். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, பெரிய துண்டு வழக்கப்படி என் தட்டில். பெரிசு எப்பவும் உனக்கு ஏன் நைனா, ஒரு காரணம் சொல்லு என்றாள். சம்பாதிக்கிறவன் என்றேன். ரிடையராகி எட்டு மாசம் என்று எழுதிக்கொண்டாள். வயசில் பெரியவன் என்றேன். அடுத்த வீட்டு வெங்கடசாமி உன்னைவிட நாலு வயசு மூத்தவர், அவருக்குக் கொடுத்துவிடலாமா என்றாள். ஆம்பளை என்றேன். அது காரணமா, வெறும் சங்கதியா என்று கேட்டாள். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை, மச்சான். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் தங்கை சத்தமே போடாமல் அந்தத் துண்டை எடுத்துத் தின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

மறுநாள் தெருக்குழாய். ஒரு குழாய், பத்துக் குடம், யார் முதலில் பிடிப்பது நியாயம் என்று கியூவில் நின்றவர்களையே கேட்டாள். முதலில் வந்தவளுக்கு என்றார்கள், கைக்குழந்தைக்காரிக்கு என்றார்கள், வேலைக்குப் போகிறவளுக்கு என்றார்கள். முன்னால் நின்றவளுக்கே யோசனை வந்து, நீ பிடி என்று குடத்தை நகர்த்தினாள். பின்னால் நின்றவள், உன் பிச்சை எனக்கெதுக்கு என்றாள். தமிழும் கன்னடமுமாக ஒரே கலாட்டா, தண்ணீர் அது பாட்டுக்குச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு நின்றும்விட்டது. ஒரு குடமும் நிறையவில்லை. அன்றைக்கு முழுக்கத் தெருவில் யாரும் எங்களோடு பேசவில்லை, ஆனால் சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்கு வீடு அதே பேச்சுத்தான்.

நேற்று வெள்ளிக்கிழமை, மார்க்கு போடுகிற கடைசிப் பாடம். பெண் நோட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள், நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். மிஸ் என்னைக் கடைசி பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். செண்பகம் குழாய்க் கேள்வியைப் போட்டாள். முதலில் வந்தவருக்கே முதலில் என்பது நியாயமா? நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் ஆமாம் டீச்சர். அப்படியென்றால் அநியாயமா? ஆமாம் டீச்சர். யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். சரி டீச்சர் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பெண்ணின் கையில் சாக்பீஸ் ஒடிந்தது. மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பெத்த மனசு தாங்குமா, எழுந்து நின்றுவிட்டேன்.

"முதல்ல வந்தவனுக்குத்தான். இதுல யோசிக்க இன்னா இருக்குது? இருபத்தெட்டு வருசம் மில்லு கேட்டுல வாட்ச்மேனா நின்னவன் நான். சங்கு ஊதினா கேட்டு மூடணும், லேட்டா வந்தவங்க வெளிய நிக்கணும். அதான் நியாயம்."

முன் பெஞ்சிலிருந்து எலிவால் சடை போட்ட ஒரு பெண் திரும்பியது. டீச்சரைப் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசியது.

"எங்கம்மாவுக்கு ஒரு கால் வராது தாத்தா. எந்நேரம் கிளம்பினாலும் கடைசியாத்தான் வரும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். வகுப்போ எழுந்துவிட்டது. விடியறதுக்கு முன்னாடியே குடத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனால் வந்ததாகுமா என்றான் ஒருவன். தாத்தா சொல்றதும் சரிதான், இல்லேன்னா எல்லாரும் நொண்டிக்கிட்டு வருவாங்க என்றாள் ஒருத்தி. பெஞ்சு மேல் ஏறாத குறை. மணி அடித்தபோது கரும்பலகையில் ஒரு எழுத்து இல்லை, பாடத்துக்கு முடிவும் இல்லை. மிஸ் இரண்டு பக்கத்துக்கு என்னமோ எழுதிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து செண்பகம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தப் பாடம் தவறினால் சர்டிபிகேட் இல்லை, சர்டிபிகேட் இல்லாவிட்டால் வேலை இல்லை, இரண்டு வருஷப் படிப்பும் பாழ். எனக்கு அதோடு இன்னொரு பேஜார். அந்த கேட்டுக்கு வெளியே எத்தனை பேரை நிறுத்தியிருப்பேன்! ரூல் என்றால் ரூல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு ஆளையாவது, ஏன் லேட்டு என்று நான் கேட்டதே இல்லை, மச்சான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இப்போது தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இனிமேல் யாரைத் தேடிப்போய்க் கேட்பது? வெட்கமாகவும் இருக்கிறது.

ஆகவே நீங்கள் வியாழக்கிழமைக்குள் வந்து மிஸ்ஸைப் பார்த்து, கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது, அதற்காகப் பெண்ணின் மார்க்கில் கை வைக்காதீர்கள் என்று பேசவேண்டும். அவளை மறுபடி கணக்குப் பாடத்துக்கே மாற்றவும் சொல்லவேண்டும். நீங்கள் சுரங்கத்தில் நூறு பேரை மேய்க்கிற மேஸ்திரி, உங்கள் பேச்சுக்கு எடை உண்டு. நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் இனி தலைவைத்துப் படுக்கமாட்டேன், இது சத்தியம்.

அக்காவுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சுரங்கத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் உங்களுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பச்சைமுத்து.

பி.கு.: இன்று திங்கட்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பும்போது செண்பகம் வந்தாள். நீங்கள் வரவேண்டாம். பெண் பாஸ், அதுவும் முதல் மார்க்கு. மிஸ் எழுதிய இரண்டு பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். கடைசி பெஞ்சுப் பெரியவர் தப்பான பதிலை அத்தனை உறுதியாகச் சொன்னதால்தான் பிள்ளைகள் யோசிக்க ஆரம்பித்தார்கள் என்று இருக்கிறது. மற்ற டீச்சர் பெண்களுக்கும் அந்த உதவி வேண்டுமாம், புதன்கிழமைதோறும் நான் வந்து அதே பெஞ்சில் உட்காரவேண்டுமாம். இது மரியாதையா அவமரியாதையா என்று காந்தாவும் நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறோம், ஆனால் வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன். இந்தப் புதன் பாடம், தைரியம் என்றால் என்ன. சிக்கல் ஒன்றுதான். எனக்குச் சர்வ நிச்சயமான விஷயங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், எழுத எழுத ஒவ்வொன்றிலும் சந்தேகம் வந்து, இப்போது கைவசம் மூன்றுதான் மிச்சம். உங்களிடம் யோசித்தே பார்க்காத அபிப்பிராயங்கள் ஏராளம் இருக்கும் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். அதில் ஒரு பத்து, மறு தபாலில் அனுப்பிவைக்கவும்.