அண்டக்கண்ணரும் ஆணி அடித்த நானும்

அண்டக்கண்ணர் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை. நட்சத்திரம் பார்த்துப் பலன் சொல்வதெல்லாம் பழைய பாணியாம். இவர் நட்சத்திரக் கூட்டத்தையே பார்ப்பார். ஆளுக்கொரு அண்டம். கண்ணை மூடிக்கொண்டு, கட்டிலிருந்து ஓர் அண்டத்தின் சதுரப் படத்தை உருவித் தருவார். அதற்கு ஃபிரேம் போட்டு எடுத்துப்போனால்தான் பலன் சொல்வார்.

ஃபிரேம் கடை என்னுடையது. வியாபாரம் கொழித்தது. கொழுப்பு மூளைக்கும் ஏறி, மகளுக்காக நானும் ஒரு படம் வாங்கினேன். நடுவில் மஞ்சளாக நீளப் பட்டை. அதன் இரு முனையிலிருந்தும் நீலக் கைகள் சுருண்டு கிளம்பின. நானே ஃபிரேம் போட்டு, மாட்டுவதற்குக் கொக்கியும் அடித்து, பயபக்தியோடு நீட்டினேன்.

அண்டக்கண்ணர் உச்சுக் கொட்டினார். "பட்டை குறுக்கே கிடக்கு. பொண்ணுக்குப் பேசின கல்யாணத்தை விட்டுடுங்க. மாப்பிள்ளை உயிர் தங்காது."

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மகளே விரும்பிய பையன்; எனக்கும் பிடித்தவன். இருந்தும் அன்றே போய், கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன். மகள் அழுதாள், சாப்பிடவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் நான் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

மறுநாள் மகள் கடைக்கு வந்தாள். படத்தின் கொக்கியைப் பிடுங்கி, பக்கவாட்டில் அடித்தாள். "வாங்கப்பா, போலாம்."

அண்டக்கண்ணர் அவளை முன்பின் பார்த்ததில்லை. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

"ஐயா, என் சிநேகிதிக்குக் கல்யாணம் பேசியிருக்கு. பாத்துச் சொல்லுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பட்டை கம்பம் மாதிரி நேரா நிக்குது. தாராளமா முடிக்கலாம்."

மகள் படத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். "நேத்து இதே படத்தைப் பாத்துத்தான் மாப்பிள்ளை செத்துடுவான்னு எங்கப்பாகிட்ட சொன்னார். பழைய ஆணி ஓட்டை இதோ."

"உங்கப்பா மாட்டினது தப்பு" என்றார் அவர்.

"வானத்துல ஏதுங்க மேல கீழ? இந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பினப்போ பூமியில மனுஷனே கிடையாது. இதுல எங்க கல்யாணம் எப்படி இருக்கும்?"

கூட்டத்தில் எல்லோரும் தங்கள் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அத்தனை அண்டங்களுக்கும் மேல்பக்கம் எது என்று ஆணியடித்து முடிவு செய்த மகான் நான்தான். அண்டக்கண்ணர் பின்வாசல் வழியாக நழுவியிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வெட்கத்தோடு நின்று மன்னிப்புக் கேட்டேன். அவன் கதையைக் கேட்டுவிட்டுப் படத்துக்குக் கை நீட்டினான்.

"இதை எனக்குக் குடுங்க மாமா."

"எதுக்குப்பா?"

"அழகா இருக்கே."

அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன். உண்மையிலேயே அழகு. கண்ணுக்குப் பின்னால் மூளை என்று ஒன்று இருக்கிறது, ஐயா. என்னுடையது பயன்படுத்தாமல் புத்தம் புதிதாக இருந்தது. உங்களுடையது எப்படி?