பல் க்ரீமும் ஒரு மௌன விரதமும்

நான் ஒரு வாயாடி. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. ஆனால் அப்பேர்ப்பட்டவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதே வாயைத் திறக்காததால்தான் என்பதை நினைத்தால்தான் மானம் போகிறது.

அப்போது எனக்குப் பல் கூச்சம். லெமன் சோடாவைத் தண்ணீர் மாதிரி குடித்ததன் பலன். பல் டாக்டரம்மா, "எனாமல் தேய்ஞ்சு போயிருக்கும்மா. போனது திரும்ப முளைக்காது. இருக்கறதையாவது கெட்டிப்படுத்திக்கோ" என்று ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார். பல் தேய்த்த பிறகு அதைத் தடவிக்கொண்டு, அரை மணி நேரம் கொப்பளிக்காமல், எதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். (பேசக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. க்ரீம் வழிந்துவிடுமே என்று நானாகச் சேர்த்துக்கொண்டது அது.)

அந்தச் சனிக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முந்தைய வரன், "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்று தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனின் போட்டோ வேறு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் எதிரில் காபி குடிக்கும்போது பல் கூசி முகம் கோணிவிடக் கூடாதே என்று க்ரீமைத் தாராளமாக அப்பிக்கொண்டேன்.

வாசலில் வேன் சத்தம். ராகு காலம் முடிந்து வருவதாகச் சொன்னவர்கள், அது ஆரம்பிப்பதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்கள்! புத்தியுள்ளவள் ஓடிப்போய்த் துப்பியிருப்பாள். நான் எனாமலைக் காப்பாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"உன் பேரு இன்னாம்மா?" என்றார் பையனின் அம்மா.

உதட்டைப் பிரிக்காமல் சிரித்தேன்.

"இன்னா படிச்சிருக்க?"

"ம்ம்."

அவர் முகம் சுருங்கியது. பிறகு சட்டென்று மலர்ந்தது. "அட, மௌன விரதமா! வர்ற வழியில உங்க ஊரு ஆசிரமத்தாண்ட ஒரு வெள்ளைக்காரம்மா கூட கழுத்துல 'மௌனம்'னு அட்டை மாட்டிக்கினு பேசாம போச்சு!"

தப்பித்தோம் என்று என் அம்மா, "ஆமாங்க" என்றாள். "விரதமா? இவளா?" என்று ஆரம்பித்த அப்பாவின் காலை ஒரு மிதி மிதித்தாள்.

பையன் தனியாகப் பேச வேண்டும் என்றார். மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். பாவம், அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கேள்வியும் தீர்ந்துவிட்டது.

"உங்களுக்கு இஷ்டமில்லைனு நினைக்கிறேன். பரவாயில்லைங்க. நானே வேணாம்னு சொல்லிடறேன்."

அய்யய்யோ! வாய் ஜாஸ்தியால் ஒரு வரன் போனது போதாதென்று, வாயே இல்லாமல் இன்னொன்றும் போவதா? எனாமலாவது ஒன்றாவது!

"இஷ்டந்தாங்க!" என்று கத்தினேன்.

க்ரீம் மொத்தமும் அவருடைய நீலச் சட்டையில். திறந்த வாயை என்னால் மூட முடியவில்லை. சோடா முதல் டாக்டரம்மா வரை மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தேன். அவர் சட்டையைத் துடைத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார்.

"விரதம்னே இருக்கட்டுங்க. பொண்ணு ரொம்ப அடக்கம்னு எங்கம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சு."

அந்த அடக்கத்தின் சாயம் கல்யாணமான மறுநாளே என் மாமியாரிடம் வெளுத்துப்போனது. க்ரீம் கதையையும் நானேதான் உளறினேன். இன்றைக்கும் நான் பேச ஆரம்பித்தால் போதும், மாமியார் தன் மகனைக் கூப்பிடுவார்:

"டேய், அந்தப் பல்லு மருந்து எங்கடா? உன் பொண்டாட்டிக்குத் தடவி விடு. அரை மணி நேரம் நான் நிம்மதியா சீரியல் பாத்துக்கறேன்!"