நாரையப் படம் எடுக்கப் போனேன், குழா பதிக்க வந்தவன்னு பிடிச்சாங்க!

ஞாயித்துக்கிழமை. கடை லீவு. நன்னிலம் பக்கம் வயல்ல நத்தைகுத்தி நாரை எக்கச்சக்கமா இறங்கியிருக்குன்னு சொன்னாங்க. போயி நாலு படம் எடுத்துட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும். திட்டம் அவ்வளவுதான்.

நான் திருவாரூர்ல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். போட்டோ எடுக்குறது பொழுதுபோக்கு. என்கிட்ட ஒரு பெரிய டெலி லென்ஸ் இருக்கு. முழங்கை நீளம். பச்சப் புள்ள கனம். அத வாங்குனப்போ என் வீட்டுக்காரம்மா உமா பத்து நாள் என்கிட்ட பேசல. அதுவே எனக்கு லாபம்னு நெனச்ச ஆளு நான்.

ஆனா நம்ம ஊரு ஈரத்துக்கு லென்ஸுக்குள்ள பூஞ்சை வந்துடும். பையில வச்சா பையே பூத்துப்போவுது. காத்து புகாத பெட்டி வாங்குங்கன்னு கேமரா கடைக்காரர் சொன்னாரு. வெலையக் கேட்டேன். நாமளே செஞ்சுக்கலாமேன்னு தோணுச்சு!

செஞ்சேன். ஆறு இஞ்ச் பிவிசி பைப்புல ஒரு துண்டு. உள்ள சுத்தி பஞ்சு. ரெண்டு பக்கமும் மூடி. ஈரம் இழுக்க, கடையில மாத்திரை டப்பாவுல வர்ற சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலத்த எல்லாம் சேத்து உள்ள கொட்டியாச்சு.

உமா பாத்துட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டா. "கக்கூஸ் பைப்பா?"

"லென்ஸ் கேஸ்!"

"சரி, கக்கூஸ் பைப்புல லென்ஸு."

பைப்புக்கு வார் கட்டித் தோள்ல மாட்டிக்கிட்டேன். கேமராவ அவளோட டிபன் பையில வச்சேன். மூணு கால் ஸ்டாண்டு ஒரு கையில. பஸ் ஏறுனா கண்டக்டர் மேலயும் கீழயும் பாக்குறாரு.

"எங்க போர் போடுறீங்க?"

"போர் இல்லண்ணே. கேமரா."

அவரு நம்பல. பைப்புக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிச்சுட்டாரு.

நன்னிலம் தாண்டி ஒரு ஊர்ல இறங்குனேன். சம்பா நடவு நடந்துக்கிட்டு இருக்கு. வரப்புல ஏறி நடந்தேன். தூரத்துல நாரைக் கூட்டம். எனக்கு ஒரே குஷி. மூணு கால விரிச்சு வரப்புல நட்டேன்.

நட்டேனா? நடவு நின்னுபோச்சு.

அந்த ஊரு நெலத்துக்கு அடியில எரிவாயுக் குழா பதிக்கிறதுன்னு பல வருஷமா இழுபறி. ஆட்சி மாறும், கரைவேட்டி மாறும், சர்வேக் கல்லு மட்டும் மறுபடி மறுபடி வந்துக்கிட்டே இருக்கும். இதெல்லாம் பேப்பர்ல படிச்சவன்தான் நான். படிச்சுட்டு, அந்த ஊருக்கே தோள்ல பைப்போட போயிருக்கேன்!

சேத்துக் கையோட ஒரு அம்மா முன்னால வந்தாங்க. முத்துலெட்சுமின்னு பேரு. பின்னாடி இருபது பேரு.

"யாரு நீங்க?"

"நாரை படம் எடுக்க வந்தேங்க."

"போன தடவ வந்தவன் மண்ணு டெஸ்ட்டுன்னான். மறுவாரம் கதிர் மேலயே பொக்லைன ஏத்துனான். நாரையாம்ல நாரை! குழாயோட வந்து நிக்கிறீங்க?"

"இது குழா இல்லம்மா."

சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே தெரிஞ்சுபோச்சு. அது குழாதான்.

யாரோ போன் போட்டாங்க. ஆளுங்கட்சி வார்டு மெம்பர் கலியபெருமாள் புல்லட்டுல வந்தாரு. பின்னாலயே எதிர்க்கட்சி ராஜமாணிக்கம் வந்துட்டாரு. என்னைய யாரு மொதல்ல புடிச்சதுன்னு ரெண்டு பேருக்கும் போட்டி.

"எங்க ஆட்சியில ஒரு குழா உள்ள வராது!"

"கையெழுத்துப் போட்டதே நீங்கதானய்யா!"

"போட்டது நீங்க!"

நடுவுல நான், குழாயக் கட்டிப்புடிச்சுக்கிட்டு.

"தொறந்து காட்டுங்க"ன்னாங்க முத்துலெட்சுமி.

மூடிய இழுத்தேன். வரல. திருகுனேன். வரல. காத்து புகாம செஞ்சேன்ல? வெயில்ல அப்படியே கவ்விக்கிச்சு. சுத்தி நிக்கிறவங்க மூஞ்சி மாறுது. "தொறக்க மாட்டேங்கிறான் பாரு"ன்னு ஒரு குரல். "அந்த அருவாள எடு"ன்னு இன்னொரு குரல்.

"அய்யோ, வேணாங்க! உள்ள லென்ஸு இருக்குங்க! என் வீட்டுல என்னைய உள்ள விடமாட்டாங்க!"

கடைசியில கலியபெருமாள் ஒரு பக்கம், ராஜமாணிக்கம் ஒரு பக்கம் புடிச்சு இழுத்தாங்க. அந்த ஊருல ரெண்டு கட்சியும் சேந்து செஞ்ச ஒரே வேலை அதுதான்னு அப்புறம் சொன்னாங்க. 'டொப்'புன்னு மூடி கழண்டுச்சு. நான் பாய்ஞ்சு லென்ஸப் புடிச்சதுல நாத்து மேல மல்லாக்க விழுந்தேன். என் மேல வெள்ளைப் பொட்டலமா மழை!

கலியபெருமாள் ஒண்ண எடுத்து எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. முகம் வெளுத்துப்போச்சு.

"சாப்பிடக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்குய்யா! விஷம்! வெள்ளாமைய அழிச்சுட்டு நெலத்தப் புடுங்கப் பாக்குறானுவ!"

"சார், அது மாத்திரை டப்பாவுல வர்றது சார்! ஈரம் இழுக்க!"

"ஈரத்த இழுத்தா நடவு என்னத்துக்கு ஆவுறது?"ன்னு ராஜமாணிக்கம் கேக்குறாரு.

முத்துலெட்சுமிதான் கையக் காட்டி எல்லாரையும் அடக்குனாங்க. "கேமராதானே? மாட்டு. பாத்துருவோம்."

சேறு சொட்டச் சொட்ட லென்ஸ மாட்டி ஸ்டாண்டுல ஏத்துனேன். ஏத்துன பெறகு பாத்தா, அச்சு அசல் சர்வேக் கருவி மாதிரியே நிக்குது! மறுபடி ஒரு முணுமுணுப்பு. அவசர அவசரமா நாரை இருந்த பக்கம் திருப்பிவிட்டேன்.

"இதுல கண்ண வச்சுப் பாருங்கம்மா. நாரை தெரியுதா?"

அந்தம்மா குனிஞ்சு பாத்தாங்க.

"நாரை தெரியல. ஜீப்பு தெரியுது."

"ஜீப்பா?"

"ஆத்தங்கரையோரம். மஞ்சத் தொப்பி போட்டவன் நாலு பேரு கல்லு நடுறான்." லென்ஸ லேசா நவுத்துனாங்க. "கலியபெருமாளு, குடை புடிச்சுக்கிட்டு நிக்கிறது உன் மச்சான்தானே?"

மெம்பர் புல்லட்டு பக்கம் நழுவுனாரு. ராஜமாணிக்கம் சிரிக்க ஆரம்பிச்சாரு.

"நீ சிரிக்காத. கல்லு ஏத்திக்கிட்டு வந்தது உன் டிராக்டரு."

ஊரே என்னையச் சுத்தி நின்ன நேரத்துல, நெசமா அளக்க வந்தவங்க அந்தாண்ட நிம்மதியா அளந்துக்கிட்டு இருந்திருக்காங்க.

"படம் புடிக்க எதைய்யா அமுக்கணும்?"னு கேட்டாங்க முத்துலெட்சுமி. காட்டுனேன். அமுக்குனாங்க. அடுத்த நொடி, இருபது பேரும் வரப்புல ஓடுறாங்க! அவங்க போன வேகத்தப் பாத்து ஜீப்பு ரிவர்ஸுலயே ஓடிருச்சு. நட்ட கல்ல எல்லாம் புடுங்கி அந்த டிராக்டர்லயே ஏத்தி அனுப்புனாங்க.

திரும்பி வந்து எனக்கு மோர் குடுத்தாங்க. "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி"ன்னாங்க. அந்தப் படத்த அவங்க போனுக்கு அனுப்பச் சொன்னாங்க. மச்சான் மூஞ்சி, டிராக்டர் நம்பர், கல்லு, எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவு. படம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயி, அந்த வேலைய இப்போதைக்கு நிப்பாட்டி வச்சிருக்காங்க. இத்தன வருஷத்துல என் கேமராவுல விழுந்ததிலேயே நல்ல படம் அதுதான். எடுத்தது நான் இல்ல.

நாரையெல்லாம் அந்தக் கூச்சல்ல எப்பவோ பறந்து போயிருச்சு. நான் அந்தியில வீடு வந்து சேந்தேன்.

மறுநாள் காலையில உமா பேப்பர நீட்டுனா. மூணாம் பக்கத்துல நான், குழாயக் கட்டிப்புடிச்சுக்கிட்டு. மேல கொட்டை எழுத்துல: 'நிலம் அளக்க வந்தவரைச் சிறைபிடித்த கிராம மக்கள்!'

யாரோ சாதா செல்போன்ல எடுத்த படம். அவ்வளவு ஷார்ப்பா இருக்கு.