பின்சீட்டுச் சிநேகம்

காரில் பாட்டு ஓடுகிறதா இல்லையா என்பதை, ரேடியோவில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துத்தான் கண்ணாடிக்கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விளக்கு எரிந்தால் பாட்டு ஓடுகிறது. மற்றபடி காதில் விழுவதெல்லாம் கார்தான்.

"ரேடியோவுல ஒரு கோளாறும் இல்ல சார்," என்றார் ஆடியோக்கடைக்காரர், காருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்துக்கொண்டு. "அது பாட்டுக்கு நல்லா பாடுது. கார்தான் விட மாட்டேங்குது."

கார் கண்ணாடிக்கடைக்காரரைவிட வயதில் மூத்தது. உருண்டை விளக்குகள், அகலமான முகம், பழைய காலத்து வளைவுகள். தெருவில் போனால் நின்று பார்ப்பார்கள். பார்க்காதவர்களுக்கும் கேட்கும். கல்யாணமான மறுவருஷம் மாமனார் கொடுத்தது. வருஷா வருஷம் அவரே வந்து, தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் ஓட்டிப்போய் சர்வீஸ் செய்து கொண்டுவந்து விடுவார். ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் சத்தம் கொஞ்சம் கூடியிருக்கும்.

"வயசாகுதுல்ல மாப்ளை," என்பார் மாமனார்.

நடுநடுவே மனைவியும் டயருக்குக் காற்று அடிக்கிறேன் என்று எடுத்துப் போவாள். காரில் அவளுக்கு அவ்வளவு அக்கறை. அப்படிப்பட்டவள்தான் பாட்டு என்றதும் முகத்தைச் சுளித்தாள்.

"இந்தக் காருக்கு இப்போ என்ன குறைச்சல்?"

"எத்தனை வருஷமா ஓட்டுறேன். ஒரு பாட்டு முழுசா கேட்டதில்ல."

"பாட்டுதானே, வீட்டுல உக்காந்து கேளுங்க."

வேறு காரணம் எதுவும் சொல்லாததால் அவர் அதை ஆட்சேபணையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடியோக்கடையில் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே இரண்டு ஸ்பீக்கர்களை வைத்தார்கள். "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார் ஆடியோக்கடைக்காரர். நாள் முழுக்க இதே கேள்வியைத் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பவர் இவர். வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஏன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டாவது" என்று சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது.

"ரெண்டாவது," என்றார்.

"உங்களுக்குக் காது இருக்கு சார்," என்றார் ஆடியோக்கடைக்காரர். இரண்டாவதுதான் விலை அதிகம் என்பது பிறகு தெரிந்தது.

பழைய ரேடியோவின் முகம் அப்படியே இருக்க, உள்ளே எல்லாம் புதுசு. போனிலிருந்து பாட்டு வரும். பின்சீட்டுக்குப் பின்னால் இரண்டு, காலடியில் இரண்டு என ஸ்பீக்கர்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டன. காரைக் கிளப்பினார். பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

"ஆம்ப்ளிஃபயர் போட்டா சரியாயிடும்," என்றார் ஆடியோக்கடைக்காரர்.

போட்டார்கள். இப்போது பாட்டு கேட்டது. கூடவே நான்கு கதவுகளும் பாடின.

"கதவுக்குள்ள ஷீட் ஒட்டினா அடங்கிடும்."

கதவுக்குள், தரைக்கு அடியில், கூரைக்கு மேல், விட்ட இடமில்லாமல் கனத்த கருப்பு ஷீட்டை ஒட்டினார்கள். கதவுகள் வாயை மூடிக்கொண்டன. இன்னும் ஏதோ இரைச்சல் மிச்சம் இருந்தது. ஆடியோக்கடைக்காரர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"சைலென்சர்ல ஓட்டை சார். கட்டைவிரல் தாராளமா போகுது. நல்ல வட்டமா விழுந்திருக்கு."

"வயசாயிடுச்சுல்ல," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

பக்கத்துக் கடையிலேயே புது சைலென்சர் மாட்டினார்கள். கிளப்பினால் கிளம்பியதே தெரியவில்லை. பாட்டில் பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தை உள்ளே வைத்திருக்கத் தெரியாதவர், உடனே மாமனாருக்குப் போன் போட்டார்.

"பாட்டு என்ன வேணா வைங்க மாப்ளை," என்றார் மாமனார். "சைலென்சர்ல கை வைக்கலையே?"

"அதுவும் புதுசு மாமா."

போனில் மாமனார் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை எனக்கு உடம்பு சரியிருக்காது."

"இன்னைக்குப் புதன்கிழமைதானே மாமா?"

"ஆமா. இப்பவே சொல்லி வச்சுடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிக்குப் போகும் நாள். மாமனார் முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். பின்சீட்டில் ஜன்னலோரம் மனைவி, பக்கத்தில் இவருடைய அம்மாவும் மாமியாரும். அந்தச் சம்பந்திகள் இருவருக்கும், கல்யாணத்தில் போட்டோவுக்கு யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் ஆரம்பித்த தகராறு ஒரு வருஷம் ஓடியது. ஆளுக்கொரு பக்கம் போன் போட்டுப் புதுத் தம்பதிகளைப் படுத்தி எடுத்தார்கள். அப்புறம் கார் வந்தது. ஏரிப் பயணம் வந்தது. பின்சீட்டில் எப்படியோ ஒரு சிநேகம் முளைத்துவிட்டது.

ஓட்டிக்கொண்டே முன்னாலிருக்கும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பார். அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வாள். மாமியார் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். பிறகு மாமியார் சொல்வாள், அம்மா தலையாட்டுவாள். போகும் வழியெல்லாம் இதுதான், திரும்பும் வழியெல்லாம் இதுதான். இவருக்குப் பெருமை தாங்காது.

இவருடைய தங்கைக்கும் மனைவியின் தம்பிக்கும் கல்யாணம் நிச்சயமானதே அந்தப் பின்சீட்டில்தான். பாலத்தின்மேல் போகும்போது அம்மா நீளமாக ஏதோ சொன்னாள். மாமியார் பலமாகத் தலையாட்டி, அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். இதைக் கண்ணாடியில் பார்த்த இவர், "ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டாங்க" என்று மறுநாள் போய் மண்டபம் பிடித்துவிட்டார். ஏற்கெனவே தங்களுக்குள் முடிவு செய்திருந்த அந்த இரண்டு சின்னஞ்சிறுசுகளும் ஆச்சரியப்பட்ட மாதிரி நடித்தார்கள். அடுத்த மாதம் கல்யாணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்குச் சொன்னபடி உடம்பு சரியில்லை. மனைவிக்கும் தலைவலி. சம்பந்திகளை மட்டும் ஏற்றிக்கொண்டு கார் அலுங்காமல் கிளம்பியது. பாட்டு மெல்ல ஒலித்தது. அம்மா வழக்கம்போலச் சம்பந்தி பக்கம் சாய்ந்து, வழக்கம்போலச் சிரித்தாள்.

"இந்த மூஞ்சிக்கு இவ்வளவு பவுடர் தேவையா சம்பந்தி?"

மாமியார் வழக்கம்போலத் தலையாட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

"என்ன சொன்னீங்க?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எப்படிக் கேட்டுச்சு?"

"காதுலதான். அப்போ போன வாரம் அவ்வளவு நேரம் சொல்லிட்டு வந்தீங்களே, அது?"

"அதுவும் இந்த மாதிரிதான்."

"நான் தலையாட்டினேனே."

"அதான் எனக்கும் ஆச்சரியம். எதைச் சொன்னாலும் தாங்கிக்கிறாங்களேன்னு."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் மட்டும் சும்மா வந்தேன்னு நெனைக்காதீங்க. உங்க பையனுக்கு மேல்மாடி காலின்னு வாராவாரம் சொல்லியிருக்கேன்."

"அதுக்கு நான் தலையாட்டினேனா?"

"நல்லா ஆட்டினீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அவர்களும் கூட்டினார்கள். ஒட்டிய ஷீட் அத்தனையும் உள்ளே நடப்பது வெளியே போகாமல் காப்பாற்றியது.

பாலம் வந்தது. "நிறுத்துங்க மாப்ளை," என்றாள் மாமியார். "இந்த இடத்துலதானே சம்பந்தி என்னமோ சொன்னீங்க? நான் கையைக்கூடத் தட்டிக் குடுத்தேனே."

அம்மா ஆற்றைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்கு என் பொண்ணைக் குடுக்கிறதைவிட, அவ கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணாம இருக்கலாம்னு."

பாட்டு முடிவதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லை.

"நான் சரின்னு சொல்லியிருக்கேன்."

"ஆமா. எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. மறுநாள் பார்த்தா இவன் மண்டபம் பிடிச்சுட்டு வந்து நிக்கிறான். நீங்கதான் ஆசைப்பட்டுக் கேட்டிருப்பீங்கன்னு நான் வாயை மூடிக்கிட்டேன்."

"நீங்கதான் கேட்டீங்கன்னு நான் மூடிக்கிட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் முன்சீட்டில் இருந்தவரின் பின்மண்டையைப் பார்த்தார்கள். பல வருஷத்தில் அவர்கள் நிஜமாகவே ஒத்துப்போனது அந்த ஒரு பார்வையில்தான். பிறகு, இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, நீ பாட்டு கேக்கணும்னு என் கல்யாணத்தை நிறுத்திட்டியா?" அழுதுகொண்டே கேட்டாள். சின்ன வயதில் அவள் அழுதால் இவருக்குச் சோறு இறங்காது. இப்போதும் இறங்கவில்லை.

ஆடியோக்கடைக்காரரிடம் ஓடினார்.

"இதுக்கும் மிஷின் இருக்கு சார். வேண்டாத சத்தத்தை மைக் வெச்சுக் கண்டுபிடிச்சு, அழிச்சுடும்."

"வேண்டாத சத்தம் எதுன்னு அதுக்குத் தெரியுமா?"

"அது புத்திசாலி மிஷின் சார்."

மிஷின் தீர யோசித்து, வேண்டாதது எஞ்சின்தான் என்று முடிவு செய்தது. மிச்சம் இருந்த கொஞ்ச உறுமலையும் துடைத்து எடுத்தது.

சம்பந்திகளை மறுபடி ஏற்ற என்ன பொய் சொல்வது என்று இவர் தவித்துக்கொண்டிருக்க, அவர்களே வந்து ஏறினார்கள். விசாரணை பாக்கி இருந்ததாம். ரயில்வே கேட்டருகே அன்றைக்குச் சிரித்தது எதற்கு, பெட்ரோல் பங்க்கில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சொன்னது யாரைப் பற்றி என்று, இடம் இடமாக நிறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தினமும் சாயங்காலம் போனார்கள். புது மிஷினின் புண்ணியத்தில் முணுமுணுத்தது, பல்லைக் கடித்தது எல்லாமே தெளிவாகக் கேட்டது.

"அப்போ ஒண்ணு பண்ணலாம் சார்," என்றார் ஆடியோக்கடைக்காரர். "உங்க காரோட பழைய சத்தத்தையே ஸ்பீக்கர்ல போட்டுடலாம்."

இதேபோன்ற இன்னொரு பழைய காரைத் தேடிப்பிடித்து, அதன் சத்தத்தைப் பதிவுசெய்து கொடுத்தார். புத்திசாலி மிஷினைக் கழற்றிவிட்டு அதைப் போட்டார்கள். உறுமல் என்றால் உறுமல். சம்பந்திகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கண்ணாடிக்கடைக்காரர் நிம்மதியாகச் சிக்னலில் நின்றார். போலீஸ்காரர் வந்து ஜன்னலில் தட்டினார்.

"என்ன சத்தம் இது? எஞ்சினை ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப்லதான் சார் இருக்கு."

போலீஸ்காரர் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டார். கார் உறுமியது. பானெட்டைத் திறந்து பார்த்தார். உறுமியது. பிறகு இருமியது. "ரெடியா?" என்று ஆடியோக்கடைக்காரரின் குரலில் கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து உறுமியது. போலீஸ்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கே போய் நின்றுகொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் ஸ்பீக்கரை அணைத்தார்.

"இவன் நம்மளை ஏமாத்தப் பார்க்கிறான் சம்பந்தி," என்றாள் அம்மா.

"மேல்மாடி காலின்னு அப்பவே சொன்னேன்," என்றாள் மாமியார். அம்மா தலையாட்டினாள். இந்த முறை கேட்டுத்தான் ஆட்டினாள்.

அதோடு சமாதானமாகிவிடுவார்கள் என்று நினைத்தார். ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை ஏரிக்குப் போய் மீதி விசாரணையை முடிப்பது, திங்கட்கிழமை மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானமானது.

"அப்பவே சொன்னேன், பாட்டு எதுக்குன்னு," என்றாள் மனைவி.

"பாட்டு வந்தா இப்படி ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். "உங்க வயித்துல எதுவும் நிக்காது. விடுங்க," என்று உள்ளே போய்விட்டாள்.

அவர் தனியாகக் காரில் போய் உட்கார்ந்தார். காருக்குள் கனத்த அமைதி. அந்த அமைதியில்தான் அவருக்குப் பொறி தட்டியது. பாட்டும் வேண்டாம், மிஷினும் வேண்டாம். சைலென்சரில் ஒரு ஓட்டை போட்டால் போதும். உலகத்தில் இதுவரை எவனுக்கும் தோன்றாத யோசனை. மேல்மாடி காலியாம், வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, மாமனாரின் மெக்கானிக்கைத் தேடிப் போனார். அதுவரை அந்தப் பட்டறைப் பக்கம் அவர் வந்ததே இல்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். குனிந்து புது சைலென்சரைப் பார்த்து, "ஐயையோ, யார் செஞ்ச வேலை இது," என்றார்.

"அதுல ஒரு ஓட்டை போடணும்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி. "ஏன், எதுக்குன்னு கேக்காதீங்க. குடும்ப விஷயம். முக்கியமா என் மாமனாருக்கும் என் வீட்டம்மாவுக்கும் தெரியவே கூடாது."

மெக்கானிக் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்த இரண்டு துளைபோடும் கம்பிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எது போடட்டும் சார்? உங்க மாமனார் வருஷா வருஷம் வந்து போட்டுக்கிட்டுப் போற சைஸா, இல்ல, அது பத்தலைன்னு உங்க வீட்டம்மா வந்து பெருசாக்கிக்கிட்டுப் போற சைஸா?"