ஓரான் மாலுமி பேரில் ஒரு தாம்பாளம் குஸ்குஸ்

கணினியில் மகள் லமீஸின் கணக்குக்கு இணையத்தை அடைத்துவிட்டு, ஒரு தேசத்தின் எல்லையையே மூடியவர் போல புஜெமா நாற்காலியில் சாய்ந்தார். பள்ளி இறுதிப் பாக்கலோரியா தேர்வுக்கு மூன்றே வாரம். கைபேசியில் இணையம் எட்டிப் பார்க்காத வருஷம் அது. வீட்டுக்கே அந்த ஒரு கணினிதான்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தால், லமீஸ் அதே கணினியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி உள்ளே போனே?"

"அம்மா கணக்குல. அதைத்தான் நீங்க அடைக்கலையே."

அதையும் அடைத்தார். மனைவி ஸக்கியா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னோடதையுமாங்க?"

"உனக்கெதுக்கு இணையம்? பரீட்சை முடியட்டும், பார்த்துக்கலாம்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

தன் கணக்கை மட்டும் அவர் தொடவில்லை. அதில்தான் எட்டு மாதமாக ஓரான் நகரத்து மாலுமி ஒருவருடன், முகம் பார்க்காமலே, சதுரங்கம் ஆடுகிறார். நாளுக்கு ஒரு காய். இவர் காலையில் அலுவலகம் கிளம்புமுன் நகர்த்துவார், மாலுமி மதியத்தில். கூடவே இரண்டு வரிக் கடிதமும் உண்டு. 'வீட்டில் அவள் என்னோடு பேசுவதே இல்லை' என்று இவர் புலம்பியபோது, 'ஒரு நாளாவது மக்ரூத் இனிப்பு வாங்கிக்கொண்டு போங்கள்' என்று சொன்னவர் அந்த மாலுமிதான். வாங்கிப் போனார், பலித்தது. தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அவர்தான் என்று புஜெமா மனதார நம்பினார்.

அன்று மதியம் மாலுமியின் காய் நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. ஐந்து கடிதம் போட்டும் பதில் இல்லை. அவருடைய கடைசிக் கடிதத்தைத் திரும்பப் படித்தார்: 'இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. யாரிடம் சொல்ல?'

ஏழாம் நாள் திரையில் வந்தது: 'எதிராளி கெடு தவறினார். வெற்றி உங்களுக்கே.' புஜெமா வாய்விட்டு அழுதார்.

"மனுஷன் போயிட்டாரு ஸக்கியா! வெள்ளிக்கிழமை அவர் பேருல குஸ்குஸ் செஞ்சு பள்ளிவாசலுக்கு அனுப்புவோம். சாப்பிடுறவங்க துவா செய்யட்டும்."

"யாரு போயிட்டாரு?"

"ஓரான்ல ஒரு மாலுமி. உனக்குத் தெரியாது. தங்கமான மனுஷன்."

ஸக்கியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆட்டுக்கறி போடவா, கோழி போடவா?"

"அவருக்கு எது பிடிக்கும்னு கேட்காமலே இருந்துட்டேனே!"

"கோழியே போடுறேன்."

வெள்ளிக்கிழமை கோழியும் காயும் வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்து, கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்து, ஸக்கியாவே சமைத்தாள். புஜெமா தாம்பாளத்தின் முன் கையேந்தி நின்றார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

தாம்பாளத்தை மூடத் துணி எடுத்து வந்த லமீஸுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அம்மா கணக்கைத் திறந்து விடுங்கப்பா. செத்துப்போனவரே எவ்வளவு நேரம் அடுப்படியில நிப்பாரு?"