தோழர் ஆமை பாயசம் வரை போன கதை

ஒரு காட்டில் மரங்களை எண்ணிவிடலாம், சாப்பாட்டுக் கடைகளை எண்ண முடியாது என்ற நிலை வந்திருந்தது. காடு அவ்வளவு பெரிய நகரமாகிவிட்டது. ஒருவரையொருவர் அடித்துத் தின்ன வேண்டுமானால் ஏழு துறைகளில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, புலி முதல் புனுகுப்பூனை வரை எல்லோரும் சைவச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். மனம் திருந்தி வரவில்லை. ஏழு அலுவலகம் ஏறி இறங்கச் சோம்பல்பட்டு வந்தார்கள்.

அங்கே மூன்று விதமான கடைகள் இருந்தன. அருவிக்கரையில் சிங்கத்தின் உறவினர்கள் நடத்திய கண்ணாடிக் கடைகள். அங்கே தட்டு தாமரை இலை அளவு இருக்கும்; நடுவில் சோறு தவளைக் கண் அளவு இருக்கும். ஓடைப் பாலத்தடியில் தள்ளுவண்டிகள். அங்கே நின்றபடி சாப்பிட்டு, நின்றபடி கை கழுவி, நடந்தபடி ஏப்பம் விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில், புளியமரத் தெருவில், கரடி சம்பூரணம் அம்மாள் நடத்திய மெஸ் இருந்தது. நடுத்தர விலை. வாழையிலை போட்டுப் பொரியல், கூட்டு, அப்பளம், சாம்பார், வற்றல்குழம்பு, ரசம், பாயசம், மோர் என்று ஒழுங்காக வரும். இவ்வளவு பெரிய நகரத்தில் கையைக் கடிக்காமல் நாக்குக்கு ருசியாக எங்கே சாப்பிடலாம் என்று யாரைக் கேட்டாலும், "சம்பூரணம் மெஸ்ஸுக்குப் போ" என்பார்கள். எல்லோரும் எல்லோரையும் கேட்டதால், இருபது நாற்காலிக்கு இருநூறு பேர் வந்தார்கள்.

அந்த மெஸ்ஸின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அவருடைய நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். இவர் எழுந்தால் அவர் உட்காருவார். அருவிக்கரைக் கடையில் பின்னால் நிற்க ஆளில்லை. தள்ளுவண்டியில் பின்னால் நிற்க நாற்காலியே இல்லை. ஆகவே நடுத்தரம் என்பது வருமானம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. ஒருவன் பிடரியில் இன்னொருவன் மூச்சு விடுகிற தூரத்துக்குத்தான் நடுத்தரம் என்று பெயர்.

இந்த வழக்கத்தால் அதிகம் அடிபட்டவர் ஆமை தணிகாசலம். தோழர் என்று சொன்னால் அந்தக் காட்டில் அவர் ஒருவரைத்தான் குறிக்கும். குளம் எல்லோருக்கும் பொது என்று நடந்த போராட்டத்தில் மூன்று கோடைகாலம் சிறையில் கிடந்தவர். அந்தக் குளத்தில் இப்போது சிங்கத்தின் மைத்துனர் படகுச் சவாரி நடத்துகிறார் என்பது வேறு விஷயம்.

தோழர் மெதுவாகச் சாப்பிடுவார். பிறவி அப்படி. ஒரு கவளத்துக்கு நாற்பது மெல்லு. சாம்பார் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். ரசம் வருவதற்குள் பின்னால் நிற்பவருக்குப் பொறுமை போய்விடும். தோழருக்குத் தன்மானம் பெரிது; எழுந்துவிடுவார். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த மெஸ்ஸின் பாயசத்தைப் பக்கத்து இலைகளில் பார்த்திருக்கிறார். குடித்ததில்லை. ஒரு முறை, பரிமாறும் கொக்கு கன்னியப்பனிடம், "பாயசத்தை இப்பவே ஊத்திடேன்" என்று கேட்டும் பார்த்தார்.

"ரசத்துக்கு முன்னால பாயசம் ஊத்தினா அம்மா என் இறகைப் பிச்சிடுவாங்க தோழர்" என்று கொக்கு ஒற்றைக் காலில் நின்றது.

ஓர் ஆடி மாதத்து நண்பகலில் தோழரின் பின்னால் நின்றவன் நரி தேசிங்கு. பசித்த நரி. பேசத் தெரிந்த நரி.

"பெரியவரே, அந்த அப்பளத்தை உடைச்சே சாப்பிடலாம். ஊற வைக்கணும்னு இல்ல."

"என் அப்பளம், என் இஷ்டம்."

"சரிதான். எங்க தாத்தா நின்ன நாற்காலி இது. அப்பவும் நீங்கதான் உட்கார்ந்திருந்தீங்களாம். கூட்டு வரைக்கும் வந்திருந்தீங்கன்னு சொன்னாரு."

பந்தி முழுவதும் சிரித்தது. தோழர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். இழுத்த தலையோடு சோறு தின்ன முடியாது. எழுந்தார்.

கை கழுவும் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். மூலை நாற்காலியில் முள்ளம்பன்றி சிவசைலம் இரண்டாவது டம்ளர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆறு அடிக்கு ஈ காக்கை இல்லை.

"இதை எப்படிச் சாதிச்சீங்க?" என்று கேட்டார் தோழர்.

"நான் ஒண்ணும் செய்யலீங்க. பின்னால யாராவது வந்தா எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவ்வளவுதான்."

முள்ளோடு பிறந்தவனுக்குப் பாயசம். முள் இல்லாதவனுக்குச் சங்கம்தான் வழி என்று தோழர் முடிவு செய்தார். அன்று மாலையே துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்தது. "முதுகு நமது. மூச்சு அவனது. இனியும் பொறுப்பதற்கில்லை" என்று அது தொடங்கியது. உண்போர் முதுகுரிமைச் சங்கம் பிறந்தது. இருநூறு பேரும் சேர்ந்தார்கள். முதலில் கையெழுத்துப் போட்டு, தானே செயலாளர் என்று அறிவித்துக்கொண்டவன் தேசிங்கு. நேற்றுப் பின்னால் நின்றவனை இன்று செயலாளர் ஆக்காத சங்கம் உலகத்தில் ஏது?

மெஸ்ஸை நோக்கி ஊர்வலம் கிளம்பியது. யாரும் யாருக்கும் பின்னால் நிற்கக் கூடாது என்று கோஷம் போட்டபடி, ஒருவர் பின்னால் ஒருவராக இருநூறு பேர் வந்தார்கள். இதில் உள்ள முரண்பாட்டைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. தலைவரை முந்தக் கூடாது என்பது கட்டுப்பாடு. தலைவரோ ஆமை. காலை எட்டு மணிக்குப் பாலத்தடியில் புறப்பட்டு, நானூறு அடி நடந்து, மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து, கன்னியப்பன் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தான். இருநூறு பேருக்கும் கொலைப்பசி. அதனால் கோஷம் நன்றாக இருந்தது.

சம்பூரணம் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் யாரையாச்சும் பின்னால போய் நில்லுன்னு சொன்னேனா தோழர்? நீங்களே நிக்கிறீங்க. நீங்களே திட்டிக்கிறீங்க."

"கோரிக்கையை ஏத்துக்கிறீங்களா, இல்லையா?"

"ஏத்துக்கிட்டா கிளம்புவீங்களா? எனக்குப் பாத்திரம் கழுவணும்."

இப்படியாகப் போராட்டம் மகத்தான வெற்றி பெற்றது.

மறுநாள் முதல் டோக்கன் முறை வந்தது. வாசலில் மரங்கொத்தி முனிரத்தினம் உட்கார்ந்து மரத்தகட்டில் எண் கொத்திக் கொடுத்தான். டோக்கனுக்கு ஒரு படிவம், மூன்று நகல். பெயர், கால்களின் எண்ணிக்கை, கொம்பு உண்டா, வால் நாற்காலிக்கு வெளியே தொங்குமா, சாப்பிட ஆகும் நேரம் எவ்வளவு. எல்லோரும் பதினைந்து நிமிடம் என்று எழுதினார்கள். வாழ்நாளில் பொய் சொல்லாத தோழர், ஒன்றே முக்கால் மணி நேரம் என்று எழுதினார்.

"தோழர், இருபது நிமிஷத்துக்கு மேல இதுல கட்டம் இல்ல."

"ஒரு கட்டம் போட்டுக்க."

"போட நான் யாரு? சங்கம்தான் போடணும். செயலாளர் அண்ணன் உள்ளதான் சாப்பிட்டுட்டு இருக்காரு. வந்ததும் கேளுங்க."

செயலாளர் பதினோரு மணிக்கு உள்ளே போனவர். படிவத்தில் பதினைந்து நிமிடம் எழுதியவர். மூன்று மணி ஆகியும் வரவில்லை. பின்னால்தான் யாரும் நிற்கவில்லையே, எதற்கு எழுந்திருக்க வேண்டும்? பாயசம் இரண்டு முறை வாங்கிக் குடித்து, வெற்றிலை போட்டு, இடைத்தேர்தல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

தோழர் பதினோரு நாள் வாசலில் நின்றார். தினமும் முனிரத்தினம், "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு தகடு கொத்திக் கொடுத்தான். உள்ளே சுவரில் 'முதுகு காத்த தோழர்' என்று எழுதித் தோழரின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களின் பாயசமும் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் சம்பூரணம் அம்மாள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள்.

"தோழர், கடை படுத்துடுச்சு. உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டேங்கிறான். வெளியில நிக்கிறவன் அடுத்த தெருவுக்குப் போயிடுறான். உங்க சங்கம் கொண்டுவந்த முறை. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

சங்கம் கூடியது. மூன்று மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஒரு தீர்மானம் நிறைவேறியது. யாரும் யாருக்கும் பின்னால் நிற்காமலும், யாரும் இருபது நிமிடத்தைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ள ஒரு கண்காணிப்பாளர் தேவை. அவர் எங்கே நிற்பது? முன்னால் நின்றால் இலையை மறைக்கும். பக்கத்தில் நின்றால் கன்னியப்பன் குழம்பு ஊற்ற முடியாது. ஆகவே பின்னால் நிற்பது என்று ஏகமனதாக முடிவானது. ஆள் யார்? எதற்கும் விலைபோகாதவராக இருக்க வேண்டும். எல்லோரும் தோழரைப் பார்த்தார்கள்.

குளத்துப் போராட்டத்தின்போது சிங்கத்தின் ஆட்கள் வந்து, மேலைக் கரை முழுவதையும் எழுதித் தருகிறோம் என்றார்கள். தோழர் அந்தப் பத்திரத்தை மென்று துப்பியவர், நாற்பது மெல்லு மென்று. அப்படிப்பட்டவர், இப்போது சம்பூரணம் அம்மாளின் பக்கம் கழுத்தை நீட்டி, தணிந்த குரலில் ஒரே ஒரு சொல் கேட்டார்.

"பாயசம்?"

"நாலு மணிக்கு மேல வேலைக்காரங்க சாப்பாடு. அண்டா அடியில நிக்கிறது பூரா உங்களுக்குத்தான். முந்திரியும் ஜவ்வரிசியும் அடியிலதானே தங்கும், உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாது" என்றார் தோழர்.

மறுநாள் மார்பில் வில்லை குத்திக்கொண்டு வேலையில் சேர்ந்தார். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு அவர் போய்ச் சேரச் சரியாக இருபது நிமிடம் ஆனது. கடிகாரமே தேவைப்படவில்லை. தோழர் வருகிறார் என்று தெரிந்தால் கவளம் பெரிதாகும். வந்து நின்றுவிட்டால் விரல் சூப்பக்கூட நேரமில்லை என்று அர்த்தம்.

தேசிங்கு மட்டும் திரும்பிப் பார்த்து, "என்ன தோழர், நாமளே இப்படிப் பின்னால நிக்கலாமா?" என்று கேட்டான்.

"நான் நிற்கவில்லை. பிறர் நிற்பதைத் தடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் தோழர். இது பிறகு துண்டுப் பிரசுரமாகவும் வந்தது.

நாலு மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் சுவர். கன்னியப்பன் ஊற்றிய பாயசத்தில் முதல் டம்ளரை ஒரு மணி நேரம் குடித்தார். எப்படி இருக்கிறது என்று கன்னியப்பன் கேட்டான். தோழர் டம்ளரை மறுபடி நீட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, சதுப்பு நிலத்திலிருந்து நத்தை அலமேலு வந்து சேர்ந்தாள். யாரோ சொல்லிக் கொடுத்தபடி பதினைந்து நிமிடம் என்று எழுதி உள்ளே வந்துவிட்டாள். தோழர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றபோது, சோற்றின் ஓர் ஓரத்தைத்தான் அவள் தொட்டிருந்தாள்.

"நேரமாச்சும்மா."

"ஐயா, நான் கொஞ்சம் மெதுவா சாப்பிடுறவ. இங்க பாயசம் ரொம்ப நல்லா இருக்கும்னு சொன்னாங்க. அதுக்காகவே மூணு மாசம் நடந்து வந்திருக்கேன். ரசம் ஆனதும் அதை மட்டும் குடிச்சிட்டு எழுந்திருச்சிடுறேன்."

இந்த வேதனை காட்டில் வேறு யாருக்குத் தெரியும்? தோழர் மெல்லத் தலையைத் திருப்பி அடுப்படியைப் பார்த்தார். அன்று முகூர்த்த நாள், நல்ல கூட்டம். அண்டாவில் பாயசம் மூன்று விரற்கடைதான் இருந்தது.

"பாயசம் அவ்வளவு ஒண்ணும் நல்லா இருக்காதும்மா. வெல்லம் கம்மி" என்றார். "எழுந்திருங்க."

நீதி: பெரிய நகரத்தில் நடுத்தர விலைக்கு நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று அலையாதீர்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கும். உட்காருகிறவர்களுக்கு அல்ல, எழுப்பிவிடுகிறவர்களுக்கு.