முருங்கையைச் சாய்த்த சூறாவளி

ஒரு காட்டில், காற்று எவ்வளவு வேகமாக அடித்தது என்பதைக் காற்று போன பிறகு மரத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். மூன்று தலைமுறைப் பழக்கம். மரம் விழுந்திருந்தால் ஐந்தாம் தரச் சூறாவளி. விழாவிட்டால் தென்றல். நடுவில் வேறு கட்டம் எதுவும் படிவத்தில் கிடையாது.

அந்தக் காட்டை ஒட்டிய பொட்டலில் வெள்ளாயி என்ற முயல் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். ஒரு மத்தியானம் சுழல்காற்று வந்து அவள் வளையை மேல்மண்ணோடு வாரிக்கொண்டு போனது. குட்டிகள் தப்பியதே பெரிய காரியம். மழைக்காலமோ நெருங்கிவிட்டது. ஐந்தாம் தரத்தில் அடிபட்டவர்களுக்கு மட்டும்தான் பாறைக்குகையில் இடம் என்பது சட்டம்.

மதிப்பீட்டாளர் ஆமையாரைத் தேடிப் போனாள். அவர் அலுவலகத்தில் இல்லை. அதே காற்று அவரையும் தூக்கிக்கொண்டு போய் ஒரு புளியமரத்தின் உச்சிக் கிளையில் மல்லாக்கப் போட்டிருந்தது. அங்கே கிடந்தபடியே படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். கடமை என்றால் அப்படி ஒரு கடமை.

“உங்க பக்கம் மரம் ஏதாச்சும் விழுந்துதா?”

“பொட்டல்ல ஏதுங்கய்யா மரம்?”

‘விழவில்லை’ என்று எழுதினார். “அப்போ தென்றல்தான்.”

“அய்யா, நீங்களே மரத்து மேல கெடக்கீங்க.”

“இந்த மரமும் விழலையேம்மா.”

பக்கத்துக் கிளையிலிருந்த கரிச்சான் குருவி, தான் புதிதாக வாங்கிய காற்றுமானியை நீட்டியது. அதன் முள் கடைசிக் கோட்டையும் தாண்டி வளைந்து நின்றது. ஆமையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நேத்து வந்த சாமான். இதை நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

வெள்ளாயிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரத்துக்கும் படிவத்தில் கட்டம் இல்லை. திரும்பிப் போய், வளை இருந்த இடத்தில் ஒரு முருங்கைக் கொம்பை நகம் ஆழத்துக்கு ஊன்றி வைத்தாள்.

மூன்றாம் நாள் அந்த வழியாகப் போன குரங்கு ஒன்று தும்மியது. முருங்கை சாய்ந்தது. கரிச்சானின் காற்றுமானியில் முள் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. அதற்குள் யானை தயவில் தரைக்கு வந்திருந்த ஆமையார் நேரில் வந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என் சர்வீஸ்ல இப்படி ஒரு காத்தைப் பார்த்ததில்லைம்மா” என்று ஐந்தாம் தரம் போட்டார்.

அன்று சாயங்காலமே வெள்ளாயி குட்டிகளோடு குகைக்குக் குடிபோனாள். இப்போது அந்தக் காட்டில் யாரும் தேக்கு நடுவதில்லை. வாசலுக்கு வாசல் முருங்கைதான் நிற்கிறது.

நீதி: புயலில் அடிபட்டால் மட்டும் போதாது, அதற்குச் சாட்சியாகச் சட்டென்று விழக்கூடிய மரம் ஒன்றை முன்கூட்டியே நட்டு வைத்திருக்க வேண்டும்.